இலவச மின்னஞ்சலில் ஆவணங்களைச் சேமிக்கலாமா?

நமக்குத் தெரிந்த ஒரு குடும்பம். குடும்பத் தலைவர் இருபது ஆண்டுகளுக்கு மேல் வளைகுடாவில் வேலை பார்த்தவர். எதையும் எழுதி வைக்கும் பழக்கமுள்ளவர். ஊரில் யாருக்குக் கைமாற்றாகக் கொடுத்தோம், யாரிடம் வாங்கினோம், எவ்வளவு திரும்பி வந்தது என்பதையெல்லாம் ஓர் எக்ஸெல் தாளில் எழுதி, மாதா மாதம் தம்முடைய மின்னஞ்சல் முகவரிக்கே அனுப்பி வைத்துக்கொள்வார். மடிக்கணினி பழுதானாலும் கணக்கு பத்திரமாக இருக்கும் என்பது அவருடைய எண்ணம். ஊர் திரும்பிய மறு ஆண்டே அவர் வஃபாத்தானார்.

மய்யித்தின் கடனை அடைத்த பிறகே வாரிசுகளுக்குச் சொத்தைப் பங்கிட வேண்டும் என்பது நாம் அனைவரும் அறிந்த சட்டம். மகன் அந்தக் கணக்கைத் தேடி, வாப்பாவின் மின்னஞ்சலைத் திறக்க முயன்றார். கடவுச்சொல் தெரியவில்லை. ‘மறந்துவிட்டேன்’ என்பதை அழுத்தியபோது, ரகசிய எண்ணை ஒரு கைபேசிக்கு அனுப்பியிருப்பதாகச் செய்தி வந்தது. அது வாப்பா வளைகுடாவில் வைத்திருந்த சிம். அது ரத்தாகி ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது. அந்த எண் இப்போது யாரிடம் இருக்கிறதோ தெரியாது. அந்தப் பெட்டி இன்றுவரை திறக்கவில்லை. கடன் கொடுத்திருந்தவர்கள் தாமாக வந்து சொன்னதை நம்பி வீட்டார் அடைத்தார்கள். வாங்கியிருந்தவர்களில் யார் யார் வரவில்லை என்பது அல்லாஹ்வுக்கே வெளிச்சம்.

இந்தப் பழக்கம் இல்லாத வீடு இன்று நம்மிடையே குறைவு. பாஸ்போர்ட்டின் முதல் பக்கம், ஆதார், ரேஷன் கார்டு, வீட்டுப் பத்திரம், வில்லங்கச் சான்று, பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியல், நிக்காஹ் பதிவின் நகல், மருத்துவ அறிக்கை, குடும்பப் புகைப்படங்கள் என எல்லாவற்றையும் கைபேசியில் படம் எடுத்து நம் முகவரிக்கே அனுப்பி வைத்துக்கொள்கிறோம். செலவில்லை. எந்த ஊரிலிருந்தும் எடுத்துக்கொள்ளலாம். இந்தப் பழக்கம் எப்படி வந்தது, அங்கே வைக்கும் பொருளை யாரெல்லாம் பார்க்க முடியும், எந்தெந்த வழிகளில் அது கைவிட்டுப் போகும், பாதுகாப்பாக வைக்க என்ன செய்யலாம் என்பதை இங்கு வரிசையாகப் பார்ப்போம்.

2 எம்பியிலிருந்து 15 ஜிபி வரை

எந்தக் கணினியிலிருந்தும் பிரவுசர் வழியாகத் திறக்கக்கூடிய இலவச மின்னஞ்சலைப் பரவலாக்கியது ஹாட்மெயில். சபீர் பாட்டியா, ஜாக் ஸ்மித் இருவரும் 1996 ஜூலை 4 அன்று அதைத் தொடங்கினார்கள். 1997ஆம் ஆண்டின் இறுதியில் மைக்ரோசாஃப்ட் அதை வாங்கியது. அதில் ஒருவருக்குக் கிடைத்த இடம் வெறும் 2 எம்பி. இன்றைய கைபேசியில் எடுக்கும் ஒரு புகைப்படமே பல நேரங்களில் அதைவிடப் பெரியது. பெட்டி நிரம்பிவிடும் என்ற பயத்தில் அன்றாடம் கடிதங்களை அழிப்பதே அன்றைய வழக்கமாக இருந்தது.

2004 ஏப்ரல் 1 அன்று கூகுள் நிறுவனம் ஜிமெயிலை அறிவித்தது. ஒருவருக்கு 1 ஜிபி இடம். அப்போது ஹாட்மெயிலில் 2 எம்பி, யாஹூவில் 4 எம்பி. ஏப்ரல் முதல் தேதி என்பதால் பலர் அதை முட்டாள்கள் தின விளையாட்டு என்றே எண்ணினார்கள். எதையும் அழிக்க வேண்டாம், தேடினால் கிடைக்கும் என்பதுதான் ஜிமெயில் தந்த வாக்குறுதி. கடிதம் வந்து போகும் பெட்டி, பொருள் சேர்த்து வைக்கும் பெட்டியாக மாறியது அன்றிலிருந்துதான்.

அதே 2004ஆம் ஆண்டில், கூகுளுக்குச் சம்பந்தமில்லாத நிரலாளர்கள் இந்த இடத்தை ஹார்டு டிஸ்க் போலப் பயன்படுத்த மென்பொருள்களை எழுதினார்கள். விண்டோஸ் கணினிக்கு ஜிமெயில் டிரைவ், லினக்ஸ் கணினிக்கு ஜிமெயில் எஃப்எஸ். விண்டோஸில் ‘மை கம்ப்யூட்டர்’ பகுதியைத் திறந்தால் சி, டி என்ற டிரைவ்களோடு இன்னொரு டிரைவும் தெரியும். அதில் ஒரு கோப்பை இழுத்துப் போட்டால், மென்பொருள் அதை ஒரு மின்னஞ்சலில் இணைத்து நம் முகவரிக்கே அனுப்பிவிடும். ஜிமெயிலின் அமைப்பைக் கூகுள் மாற்றும்போதெல்லாம் இந்த ஏற்பாடு வேலை செய்யாமல் நின்றுபோகும் வாய்ப்பும் இருந்தது.

2012 ஏப்ரலில் கூகுள் டிரைவ் வந்தது. 2013இல் ஜிமெயில், டிரைவ், புகைப்படங்கள் ஆகிய மூன்றுக்கும் சேர்த்து 15 ஜிபி என்று ஒரே கணக்காக்கினார்கள். குறைக்கப்பட்ட தரத்தில் அளவின்றி இலவசமாகப் புகைப்படம் சேமிக்கும் சலுகை 2021 ஜூன் 1 முதல் நின்றது. ‘என் மெயில் நிரம்பிவிட்டது’ என்று இப்போது பலர் சொல்வதற்குக் காரணம் இதுதான். புகைப்படங்கள் இடத்தைப் பிடித்துக்கொள்ள, பெட்டி நிரம்பியதும் கடிதம் வருவதும் நின்றுவிடுகிறது. வேலைக்கான நேர்காணல் அழைப்பும் கல்லூரிச் சேர்க்கைக் கடிதமும் அப்போது வந்து சேராது.

கடிதப் பெட்டியும் பீரோவும்

மின்னஞ்சல் முதலில் எழுத்துகளை அனுப்புவதற்காகவே உருவானது. படமோ பிடிஎஃபோ அதில் போகும்போது எழுத்துகளாக மாற்றப்பட்டே பயணிக்கிறது. பேஸ்64 என்று அந்த முறைக்குப் பெயர். இந்த மாற்றத்தால் கோப்பின் அளவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடும். 15 எம்பி கோப்பு 20 எம்பியாகப் பயணிக்கும். ஜிமெயிலில் இணைப்புக் கோப்புக்கு 25 எம்பி வரம்பு உண்டு. அதைத் தாண்டினால் கோப்பை டிரைவில் ஏற்றி, அதன் சுட்டியை மட்டும் அனுப்பும். அந்தச் சுட்டியை ‘சுட்டி உள்ள எவரும் பார்க்கலாம்’ என்று நாம் அமைத்துவிட்டால், அதை ஒருவர் இன்னொருவருக்கு அனுப்ப, அவரும் திறந்து பார்க்கலாம்.

நமக்கு நாமே அனுப்பும் கடிதத்தை இன்பாக்ஸில் அழித்துவிட்டால் தீர்ந்தது என்று நினைப்பதும் தவறு. சில சேவைகளில் ‘அனுப்பியவை’ பகுதியில் இன்னொரு பிரதி இருக்கும். ஜிமெயிலில் அழித்தது குப்பைப் பகுதியில் 30 நாள் இருக்கும். கைபேசியின் ‘டவுன்லோட்’ பகுதியிலும், கேலரியிலும், பழைய மடிக்கணினியிலும் அதன் பிரதிகள் கிடக்கும்.

பூட்டு விஷயத்துக்கு வருவோம். வங்கியில் லாக்கர் எடுத்தால் இரண்டு சாவி உண்டு. ஒன்று நம்மிடம், ஒன்று வங்கியிடம். இரண்டும் சேர்ந்தால்தான் திறக்கும். இலவச மின்னஞ்சலில் அப்படி இல்லை. நம் கணினிக்கும் நிறுவனத்தின் கணினிக்கும் இடையே கடிதம் மறையாக்கம் செய்யப்பட்டுப் போகிறது. வழியில் ஒட்டுக் கேட்பவருக்கு அது புரியாது. நிறுவனத்தின் சேமிப்பிலும் மறையாக்கம் உண்டு. ஆனால் சாவி நிறுவனத்திடமே இருக்கிறது. நம்மிடம் இருக்கும் கடவுச்சொல், வாசலில் நம்மை அடையாளம் காட்டுவதற்கு மட்டுமே.

யாரெல்லாம் பார்க்க முடியும்?

*சேவை தரும் நிறுவனம்.* ஜிமெயில் வந்தபோது எழுந்த முதல் எதிர்ப்பே இதைப் பற்றியதுதான். கடிதங்களிலுள்ள சொற்களைக் கணினி படித்து, அதற்கேற்ற விளம்பரத்தை ஓரத்தில் காட்டும் என்று கூகுள் அறிவித்தது. 2004 ஏப்ரலிலேயே 31 அந்தரங்க உரிமை, குடிமை உரிமை அமைப்புகள் இந்தச் சேவையை நிறுத்தி வைக்கும்படி கூகுளுக்குக் கடிதம் எழுதின. அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. ஜிமெயிலில் கணக்கு வைத்திருப்பவர் ஒப்புக்கொண்டிருக்கலாம். அவருக்கு வேறு முகவரியிலிருந்து கடிதம் எழுதியவர் எதற்கும் ஒப்புக்கொள்ளவில்லையே? விளம்பரத்துக்காகக் கடிதங்களைப் படிப்பதை நிறுத்தப்போவதாகக் கூகுள் 2017 ஜூனில்தான் அறிவித்தது. வைரஸ், குப்பைக் கடிதம், குழந்தைகள் மீதான பாலியல் கொடுமைப் படங்கள் ஆகியவற்றைக் கண்டறியும் தானியங்கிச் சோதனைகள் தொடர்கின்றன. அவை தேவையானவைதான். ஆனால் நாம் வைப்பது யாரும் பார்க்காத இடம் அல்ல என்பதை அவை நினைவூட்டுகின்றன.

*நாம் அனுமதி கொடுத்த ஆப்கள்.* பில்களைத் தொகுக்கிறோம், பயணச்சீட்டை நினைவூட்டுகிறோம் என்று வரும் ஆப்கள் ‘உங்கள் மின்னஞ்சலைப் படிக்க அனுமதியுங்கள்’ என்று கேட்கும். நாம் படிக்காமலே ‘சரி’ என்று அழுத்துவோம். இப்படி அனுமதி பெற்ற வெளி நிறுவனங்கள் சிலவற்றில் ஊழியர்களே மக்களின் கடிதங்களைப் படித்ததை 2018 ஜூலையில் அமெரிக்காவின் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நாளிதழ் வெளிக்கொண்டு வந்தது.

*அரசு.* நம் நாட்டில் 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 69ஆவது பிரிவின்படி, நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு, குற்ற விசாரணை போன்ற காரணங்களுக்காகக் கணினித் தகவலை இடைமறிக்கவும் கண்காணிக்கவும் மத்திய, மாநில அரசுகளுக்கு அதிகாரம் தருகிறது. இந்தச் சேவைகளில் பெரும்பாலானவை அமெரிக்க நிறுவனங்களுடையவை என்பதால் அந்நாட்டுச் சட்டத்தையும் அறிந்திருப்பது நல்லது. அங்கு 1986இல் இயற்றப்பட்ட சட்டம், நிறுவனத்தின் கணினியில் 180 நாட்களுக்கு மேல் கிடக்கும் கடிதத்தை, நீதிபதி தரும் தேடுதல் ஆணை இல்லாமலே அரசு கேட்டுப் பெறலாம் என்று வைத்தது. கணினியில் இடம் விலை கூடியிருந்த காலம் அது. ஆறு மாதமாக எடுக்கப்படாத கடிதம் கைவிடப்பட்டது என்று கருதினார்கள். மின்னஞ்சலைப் பீரோவாக ஆக்கிக்கொள்ளும் காலம் வரும் என்று அன்று யாரும் நினைக்கவில்லை. கடிதத்தின் உள்ளடக்கத்தைப் பெறத் தேடுதல் ஆணை வேண்டும் என்று 2010இல்தான் அங்குள்ள ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று நம் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்துள்ளது. ஆதார் தொடர்பாக, ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில் வந்த தீர்ப்பு அது. 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் நிறைவேறியது. சட்டம் நமக்குத் துணை நிற்கும். ஆனால் ஒருமுறை வெளியே போன படத்தை எந்தத் தீர்ப்பும் திரும்ப எடுத்துத் தராது.

*திருடர்கள்.* யாஹூ நிறுவனத்திலிருந்து 2013இல் திருடப்பட்ட கணக்குகள் 100 கோடி என்று 2016 டிசம்பரில் சொன்னார்கள். 2017 அக்டோபரில், அன்றிருந்த 300 கோடிக் கணக்குகளும் பாதிக்கப்பட்டன என்று திருத்திச் சொன்னார்கள். தன் கணக்கு திருடு போனதை ஒரு பயனர் அறிய நான்கு ஆண்டுகள் ஆகின. பெயர், பிறந்த தேதி, தொலைபேசி எண், பாதுகாப்புக் கேள்விகளின் பதில்கள் ஆகியவை அதில் போனவற்றில் அடங்கும்.

திருடுவதற்குப் பெரிய தொழில்நுட்பம்கூடத் தேவையில்லை. 2008இல் அமெரிக்கத் துணை அதிபர் பதவிக்குப் போட்டியிட்ட சாரா பாலினின் யாஹூ கணக்கில் ஒரு மாணவர் நுழைந்தார். பிறந்த தேதி, அஞ்சல் குறியீட்டு எண், கணவரை முதலில் சந்தித்த இடம் ஆகிய கேள்விகளுக்கு இணையத்தில் தேடியே பதில் கண்டுபிடித்து, கடவுச்சொல்லை மாற்றிவிட்டார். நம் ஊர்களில் இணையத்தில் தேட வேண்டிய அவசியமும் இல்லை. ‘தாயாரின் சொந்த ஊர் எது?’ என்ற கேள்விக்குத் தெருவில் யாரைக் கேட்டாலும் பதில் கிடைக்கும்.

*அருகில் இருப்பவர்கள்.* நம் மக்களுக்குப் பெரும்பாலும் இழப்பு வருவது இந்த வழியில்தான். ஜெராக்ஸ் கடைக் கணினியில் மின்னஞ்சலைத் திறந்து, பிரிண்ட் எடுத்துவிட்டு, வெளியேறாமல் வந்துவிடுகிறோம். அல்லது கடைக்காரரின் முகவரிக்கே ஆதாரையும் பாஸ்போர்ட்டையும் அனுப்பிவிடுகிறோம். அவர் நல்லவராகவே இருக்கலாம். அவருடைய கணக்கின் கடவுச்சொல் கடையில் வேலை செய்யும் எல்லோருக்கும் தெரியும்.

பறிபோகும் வழிகள்

அந்நியர் பார்ப்பது ஓர் ஆபத்து என்றால், நம்மாலேயே பார்க்க முடியாமல் போவது இன்னோர் ஆபத்து.

இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை, அவற்றில் உள்ளவற்றோடு சேர்த்து நீக்குவோம் என்று கூகுள் 2023 மே மாதம் அறிவித்தது. அந்த ஆண்டு டிசம்பர் முதல் அது நடைமுறைக்கு வந்தது. ‘இது ஆவணங்களுக்கு மட்டும்’ என்று தனியாக ஒரு கணக்கு தொடங்கி, அதைத் திறந்தே பார்க்காமல் இருப்பவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி இது.

கணக்கே திடீரென முடக்கப்படுவதும் உண்டு. 2021 பிப்ரவரியில் சான்ஃபிரான்சிஸ்கோவில் ஒரு தந்தை, நோயுற்ற தன் சிறு மகனின் அந்தரங்க உறுப்பை மருத்துவருக்குக் காட்டுவதற்காகப் படம் எடுத்தார். கைபேசி அதைத் தானாகவே கூகுள் சேமிப்பில் ஏற்றியது. தானியங்கிச் சோதனை அதைத் தவறான படம் என்று பிடித்தது. கணக்கு முடக்கப்பட்டது. காவல்துறை விசாரித்து, குற்றம் ஏதும் நடக்கவில்லை என்று முடித்தது. அப்படியும் கணக்கு திரும்பவில்லை என்று 2022 ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. பல ஆண்டுகளின் கடிதங்களும், தொடர்புகளும், மகனின் குழந்தைப் பருவப் படங்களும் அவருக்கு ஒரே நாளில் இல்லாமல் போயின. காரணம் நமக்கு நியாயமாகத் தெரிகிறதோ இல்லையோ, இலவசச் சேவையில் முறையிடும் வாசல் குறுகியது என்பதே இதில் பாடம்.

மரணத்துக்குப் பிறகு வரும் சிக்கலும் புதிதல்ல. 2004 நவம்பரில் இராக்கில் உயிரிழந்த ஓர் அமெரிக்க ராணுவ வீரரின் கடிதங்களை அவருடைய பெற்றோர் கேட்டபோது, உரிமையாளர் தவிர வேறு எவருக்கும் தர விதிமுறையில் இடமில்லை என்று யாஹூ மறுத்தது. மிச்சிகன் மாநில நீதிமன்றம் 2005 ஏப்ரலில் உத்தரவிட்ட பிறகே தந்தைக்கு அவை கிடைத்தன. அந்த நிறுவனம் மறுத்ததும் இறந்தவரின் அந்தரங்கத்தைக் காக்கத்தான். அங்கே நீதிமன்றம் வரை போக ஒரு குடும்பத்தால் முடிந்தது. இங்கிருந்து அந்நிய நாட்டு நிறுவனத்தோடு வழக்காட நம்மில் எத்தனை பேரால் முடியும்?

நம் பெட்டியில் பிறர் பொருள்

‘என்னிடம் மறைக்க என்ன இருக்கிறது?’ என்று பலர் கேட்கிறார்கள். தம்மளவில் அவர்கள் சொல்வது சரியாகவே இருக்கலாம். ஆனால் நம் மின்னஞ்சலில் இருப்பது நம்முடையது மட்டும்தானா என்று ஒருமுறை திறந்து பாருங்கள். உம்ராவுக்குச் சேர்ந்து போனவர்களின் பாஸ்போர்ட் நகல்கள் இருக்கும். உதவித்தொகைக்கு விண்ணப்பித்துக் கொடுத்த பக்கத்து வீட்டுப் பிள்ளையின் வருமானச் சான்று இருக்கும். தங்கையின் கர்ப்ப கால மருத்துவ அறிக்கை இருக்கும். ஜமாஅத் நிர்வாகிகளிடம், மஹல்லாவில் யார் யார் ஜகாத் உதவி கேட்டார்கள் என்ற பட்டியலே இருக்கும். அவர்கள் தங்கள் மானத்தை நம்மிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். அது அமானிதம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கும் காலத்தில் அவளுடைய புகைப்படத்தோடு பயோடேட்டாவை எத்தனை முகவரிகளுக்கு அனுப்பினோம்? தரகர்கள், தெரிந்தவர்கள், தெரிந்தவருக்குத் தெரிந்தவர்கள். அவளுக்குத் திருமணமாகிக் குழந்தைகளும் பிறந்துவிட்டன. அந்தப் படம் இன்னும் முன்பின் அறியாத பத்துப் பெட்டிகளில் கிடக்கிறது. அந்தப் பெட்டிகளில் ஒன்று திருடு போனாலும் படம் எங்கு போகும் என்று சொல்ல முடியாது. பிறர் வீட்டில் அனுமதி பெற்றே நுழைய வேண்டும், பிறர் குறைகளைத் துருவி ஆராயக்கூடாது என்று திருக்குர்ஆன் கற்றுத் தந்த சமூகம் நாம். வீட்டு வாசலில் காட்டும் அந்தப் பேணுதல் மின்னஞ்சலிலும் வேண்டும்.

என்ன செய்யலாம்?

மின்னஞ்சலை விட்டுவிட வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. ஓர் ஆவணத்தை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோக அது நல்ல வாகனம். அதையே நிரந்தர வீடாக்கிக்கொள்வதுதான் சிக்கல்.

1. முதலில் துப்புரவு. உங்கள் பெட்டியில் ஆதார், பாஸ்போர்ட், பத்திரம், ஸ்கேன் போன்ற சொற்களைப் போட்டுத் தேடுங்கள். கிடைப்பதைக் கணினியில் இறக்கி வைத்துக்கொண்டு, பெட்டியில் அழியுங்கள். குப்பைப் பகுதியையும் காலி செய்யுங்கள். வேலை முடிந்த பிறருடைய ஆவணங்களை வைத்திருக்கவே வேண்டாம். மகளின் பயோடேட்டாவைப் பெற்றவர்களிடமும் அழித்துவிடச் சொல்லிக் கேளுங்கள்.

2. அரசு ஆவணங்களுக்கு டிஜிலாக்கர். 2015இல் மத்திய அரசு தொடங்கிய சேவை இது. ஓட்டுநர் உரிமம், வாகனப் பதிவு, மதிப்பெண் சான்று போன்றவற்றை வழங்கிய துறையிடமிருந்தே நேராகப் பெறலாம். அப்படிப் பெற்றவை அசலுக்கு நிகரானவை என்று விதிகள் கூறுகின்றன. நாமே படம் எடுத்து ஏற்றியவற்றுக்கு அந்தத் தகுதி இல்லை. ஆதாரோடு இணைத்த கைபேசி எண் செயல்பாட்டில் இருப்பது அவசியம்.

3. ஆதாரை மறைத்துக் கொடுங்கள். ஆதார் ஆணையத்தின் தளத்தில் 12 இலக்கங்களில் கடைசி 4 மட்டும் தெரியும் ‘மாஸ்க்டு ஆதார்’ கிடைக்கிறது. முழு எண் கட்டாயமில்லாத இடங்களில் அதையே கொடுக்கலாம்.

4. பூட்டிய பிறகு அனுப்புங்கள். ஆவணத்தைக் கடவுச்சொல்லுடன் கூடிய பிடிஎஃபாக மாற்ற லிப்ரே ஆபீஸ் என்ற இலவச மென்பொருளே போதும். பல கோப்புகளை ஒன்றாகப் பூட்ட செவன் ஜிப் உதவும். அதுவும் இலவசம்தான். கோப்பின் பெயர்களையும் மறைக்கும் வசதி அதில் உண்டு. பூட்டிய ஜிப் கோப்பை வைரஸ் எனச் சந்தேகித்துச் சில மின்னஞ்சல் சேவைகள் தடுக்கக்கூடும். பிடிஎஃப் பெரும்பாலும் போய்விடும். பூட்டின் கடவுச்சொல்லை அதே கடிதத்தில் எழுத வேண்டாம். தொலைபேசியில் சொல்லுங்கள். பிறந்த தேதியையோ கைபேசி எண்ணையோ கடவுச்சொல்லாக வைக்க வேண்டாம்.

5. கணக்குக்கு இரண்டாவது பூட்டு. இரண்டு கட்டச் சரிபார்ப்பை இயக்குங்கள். மீட்பதற்கான கைபேசி எண் இன்றும் உங்களிடம் இருக்கிறதா என்று பாருங்கள். வெளிநாட்டு சிம்மை ரத்து செய்யும் முன் இதை மாற்றிவிடுவது மிக முக்கியம். அவசரத்துக்கான மாற்று எண்களைத் தாளில் எழுதி பீரோவில் வையுங்கள். எந்தெந்தக் கருவிகளில் உங்கள் கணக்கு திறந்திருக்கிறது, எந்தெந்த ஆப்களுக்கு அனுமதி கொடுத்திருக்கிறீர்கள் என்பதைக் கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் பார்த்து, தெரியாதவற்றை நீக்குங்கள்.

6. ஒன்றுக்கு மூன்று பிரதி. முக்கியமான எதற்கும் மூன்று பிரதிகள் இருக்கட்டும். இரண்டு வெவ்வேறு கருவிகளில் இருக்கட்டும். ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும். பென்டிரைவ் மட்டும் போதாது. அது பழுதாகும், தொலையும். கையால் எழுதிய கடன் கணக்கின் தாளை ஸ்கேன் செய்த கையோடு தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

7. வாரிசுகளுக்கு வழி. கூகுள் கணக்கில் ‘இன்ஆக்டிவ் அக்கவுன்ட் மேனேஜர்’ என்ற ஏற்பாடு உண்டு. 3 மாதம் முதல் 18 மாதம் வரை நாம் குறிப்பிடும் காலம் கணக்கைத் தொடாமல் இருந்தால், நாம் பெயர் கொடுத்தவர்களுக்குத் தகவல் போகும். எந்தப் பகுதியை அவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்பதையும் நாமே முடிவு செய்யலாம். பத்துப் பேர் வரை குறிப்பிடலாம். அதோடு, கடன், அமானிதம், சேமிப்பு இவற்றின் பட்டியலைக் காகிதத்தில் எழுதி, அது இருக்கும் இடத்தை மனைவிக்கோ மூத்த பிள்ளைக்கோ சொல்லி வையுங்கள்.

8. ஏதேனும் நடந்துவிட்டால். கணக்கு கைமாறியது தெரிந்தவுடன் வங்கிக்குச் சொல்லுங்கள். தேசிய சைபர் குற்ற உதவி எண் 1930. பிறருடைய கடவுச்சொல்லையோ மின் கையொப்பத்தையோ மோசடியாகப் பயன்படுத்துவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். குடும்பப் பெண்களின் படம் என்றால் வெட்கப்பட்டு மூடி மறைக்க வேண்டாம். குற்றம் செய்தவர் படத்தைத் திருடியவரே.

இவற்றில் எதற்கும் பெரிய செலவில்லை. ஒரு விடுமுறை நாளில் அஸர் தொழுகைக்குப் பின் பிள்ளைகளை அருகில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் பெரும்பகுதி முடிந்துவிடும். கைபேசியில் பிள்ளைகள் நம்மைவிடத் தேர்ந்தவர்கள். எந்த ஆவணம் எங்கே இருக்கிறது, யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்பதை அவர்களும் அன்றே அறிந்துகொள்வார்கள்.

முதலில் சொன்ன அந்த வீட்டின் மகன் இப்போது ஒரு சிறிய நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறார். கொடுத்ததும் வாங்கியதும் அதில் பேனாவால் எழுதப்படுகின்றன. மாதம் ஒருமுறை அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துப் பூட்டி, கணினியிலும் தங்கை வீட்டிலுள்ள பென்டிரைவிலும் போட்டு வைக்கிறார். நோட்டு இருக்கும் இடம் அவருடைய மனைவிக்குத் தெரியும்.